பெயரையும் சேர்த்து அனுப்பு

அன்புத் தம்பிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தொடக்கத்தில் தப்பு மட்டும் தனியாக வருகிறதே, அந்த இடம் அருமை. பூண்டுலோயா மலை ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். மிலாறு போட்டு நெருப்பு மூட்டி, தப்பைக் காட்டிக் காட்டி விறைப்பேற்றித்தான் அடித்திருக்கிறார்கள் என்பது சத்தத்திலேயே தெரிகிறது.

கொழும்பு ஸ்டூடியோக்காரர் சொன்னதாக நீ எழுதியிருக்கும் யோசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை. தப்பை எடுத்துவிட்டு 'டெஸ்பசிட்டோ' மாதிரி ஒரு தாளத்தைக் கணினியில் போடலாமாம். பாட்டில் வரும் 'பெரட்டு', 'மிலாறு' போன்ற தோட்டத்துச் சொற்கள் சென்னைக்காரருக்கு விளங்காதாம், மாற்ற வேண்டுமாம். 2017இல் அந்த 'டெஸ்பசிட்டோ'வை உலகம் முழுக்கப் பாடியவர்களில் எத்தனை பேருக்கு ஸ்பானிஷ் தெரியும்? அமெரிக்கப் பட்டியலில் பதினாறு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு அது. ஜஸ்டின் பீபர் வந்து சேர்ந்த பிறகும் பல்லவி ஸ்பானிஷிலேயே இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? கடல் கடந்த தாளம் நம் தீவுக்கு எப்போதோ வந்துவிட்டது. போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரோடும் வந்து, மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞாவாக ஆடி, பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியனின் கையில் பைலாவாகிக் கொழும்பைப் பிடித்தது. ஆறு எண்ணிக்கையை மூன்று மூன்றாக ஆடும் தாளம். நம் திஸ்ர நடைக்கு அடுத்த வீடு. உன் சித்தப்பா இரண்டாவது சரணத்தில் அடிப்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஏ. இ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து 'சுராங்கனி' பாடியபோது, ஒரு சிங்களச் சொல்லும் தெரியாத தமிழ்நாட்டுக்காரர்கள் அதைப் பாடினார்கள். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையிலும் அது வந்தது. ஆகவே உன் 'மிலாறு' அங்கேயே இருக்கட்டும்.

ஆனால் நான் எழுத வந்தது இதற்காக அல்ல. நீ அனுப்பிய கோப்பில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

'சின்ன மாமியே' யாருடைய பாட்டு என்று தமிழ்நாட்டில் கேட்டுப் பார். பலரும் அதே மனோகரனைத்தான், 'சிலோன் மனோகர்' என்று, சொல்வார்கள். அதை ஆக்கிப் பாடியவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். மனோகரன் திருடினார் என்று நான் சொல்லவில்லை; அவர் பெரிய மேடைக்காரர், அவர் வாயில் போன பாட்டு ஊர் முழுக்கப் போயிற்று. ஆக்கியவர் பெயர்தான் அந்த வேகத்தில் போகவில்லை.

இதைவிடப் பெரிய கதை 'லம்படா'. 1989இல் பாரிஸில் இருந்து கவோமா என்ற குழு வெளியிட்டு, ஐரோப்பா முழுக்க ஆட வைத்த பாட்டு. பிரேசில்காரியான லோல்வா பிராஸ் பாடினார். இயற்றியவர் என்று 'சிக்கோ டி ஒலிவேரா' என ஒரு பெயர் போட்டிருந்தது. அப்படி ஒரு ஆளே இல்லை. பிரெஞ்சுத் தயாரிப்பாளர் ஒருவரின் புனைபெயர் அது. மெட்டோ, பொலிவியாவின் மலைநகரான கொச்சபம்பாவைச் சேர்ந்த லோஸ் ஹர்காஸ் குழு 1981இல் வெளியிட்டது. ஊலிசெஸ், கொன்சாலோ எர்மோசா என்ற சகோதரர்களின் பாட்டு. விட்டுப் போன காதலைப் பற்றிய சோகப் பாட்டு அது. அதை 1986இல் மார்சியா ஃபெரேரா போர்த்துக்கேய மொழியில் துள்ளலாகப் பாடினார். அதைத்தான் கவோமா எடுத்துக்கொண்டது. சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். ஜெர்மனியின் இசையமைப்பாளர் சங்கத்தில் பாட்டை அவர்கள் முன்பே பதிந்து வைத்திருந்தது கைகொடுத்தது. பெயரும் வந்தது, பணமும் வந்தது. 2011இல் ஜெனிஃபர் லோபஸ் அதே மெட்டை 'ஆன் த ஃப்ளோர்' பாட்டில் எடுத்தபோது, எழுதியோர் வரிசையில் எர்மோசா சகோதரர்கள் முறையாக இருந்தார்கள்.

பொலிவியா தூரம் என்றால், நம் தோட்டத்து லயத்துக்கே வருகிறேன். 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. அதைப் பாடியவர்களில் ஒருவரான தெருக்குரல் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, இந்தியாவுக்குத் திரும்பிப் போனவர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் பிரித்த எத்தனையோ குடும்பங்களின் கதை அதில் இருக்கிறது. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை என்று சர்ச்சை. மறு ஆண்டு செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் பாட்டு ஒலித்ததும் அது முற்றியது. எந்தப் பங்கு யாருடையது என்று அறிவு, கூடப் பாடிய தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் மூவரும் தனித்தனியே அறிக்கை விட்டார்கள். யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒன்றாக உட்கார்ந்து பாட்டாக்கியவர்களுக்கே அந்த நிலைமை என்பதைப் பார்.

உன் பல்லவி மெட்டு உன் அப்பாயியின் தாலாட்டு என்று நீயே சொன்னாய். தப்பு அடித்தவர்கள் மூன்று பேர். காமன் கூத்துக்கு அடித்த கை அது, கூலிக்கு வந்த கை இல்லை. பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்தப் பாட்டுகளைக் கட்டியவர்கள் யாரென்று இன்று நமக்குத் தெரியாது. அன்று எழுதி வைக்க வழி இல்லை. உன்னிடம் கைப்பேசி இருக்கிறது.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதியாவிட்டாலும் ஆக்கியவருக்கு உரிமை உண்டு. அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும் அது நிற்கும். ஆனால் ஆக்கியவர் யார் என்று சண்டை வந்தால் சட்டப் புத்தகம் சாட்சிக்கு வராது. காகிதம்தான் வரும். வரி யார், மெட்டு யார், தப்பு யார், வருகிற காசில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுது. எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். உன் பங்கு குறைந்தால் குறையட்டும். ஸ்டூடியோக்காரர் நீட்டும் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால், விளங்கும் ஒருவரிடம் வாசித்துக் கேட்காமல் கையெழுத்து வைக்காதே.

அந்தத் தாளை எழுதி முடித்த பிறகு பாட்டை வெளியிடு. அப்பாயியின் பெயரை முழுப் பெயராகப் போடு, வெறும் 'பாட்டி' என்று போட்டுவிடாதே.