உணவுக்கு எத்தனை தூரம்?



"உங்கள் வீட்டிலிருந்து அரிசி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். "சமையலறை டின்னில் இருக்கிறது" என்பார் சிலர். "தெருமுனை மளிகைக் கடையில் இருக்கிறது" என்பார் வேறு சிலர். வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கேள்வியைப் புவியியல் அறிஞரும் பொருளியல் அறிஞரும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். நாம் நமது பெருமாநல்லூரையே பாடமாகக் கொண்டு இதனைக் கற்போம்.

உணவுப் பாலைவனம் என்றால் என்ன?

நல்ல உணவு வாங்குவதற்கு வழி அரிதாக உள்ள குடியிருப்புப் பகுதியை 'உணவுப் பாலைவனம்' என்று அழைக்கின்றனர். இச்சொல் 1990-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் வழக்குக்கு வந்தது என்பர். பின்னர் அமெரிக்காவில் இது பெரிதும் ஆராயப்பட்டது. அந்நாட்டில் மாநிலத்துக்கு உட்பட்ட நிருவாகப் பகுதிக்குக் 'கவுண்டி' என்று பெயர். ஏறத்தாழ நமது மாவட்டம் போன்றது. ஒவ்வொரு கவுண்டியிலும் எத்தனை மளிகை அங்காடிகள் உள்ளன, கார் இல்லாத குடும்பங்கள் எத்தனை அங்காடிக்குத் தொலைவில் வாழ்கின்றன என்றெல்லாம் அந்நாட்டு வேளாண்மைத் துறை கணக்கெடுத்து வரைபடம் வெளியிடுகிறது. வறியோர் மிகுந்த பகுதியில், நகரமானால் 1 மைலுக்கு அப்பாலும், நாட்டுப்புறமானால் 10 மைலுக்கு அப்பாலும் பெரிய அங்காடி இருக்குமானால், அங்கு உணவு எளிதில் எட்டவில்லை என்பது அவர்களது முக்கியமான அளவுகோல்.

இந்த அளவுகோலை நம் ஊரில் வைத்துப் பார்ப்போம். சேலம்–கோயம்புத்தூர் நெடுஞ்சாலை நம் ஊர் வழியே செல்கிறது. திருப்பூர் நகரம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவுதான். மளிகைக் கடைகளுக்கும் காய்கறிக் கடைகளுக்கும் குறைவில்லை. ஆகவே மைல் கணக்குப்படி பெருமாநல்லூர் பாலைவனம் அன்று. அப்படியானால் இங்குள்ள ஒவ்வொரு வீட்டிலும் நல்ல உணவு எளிதில் கிடைக்கிறது என்று கூறிவிடலாமா?

விளைத்த ஊர், வாங்கும் ஊர்

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். சோளமும் கம்பும் நிலக்கடலையும் பருத்தியும் விளைந்த கிணற்றுப் பாசன மண் இது. பம்புசெட்டுக்கு வேண்டிய மின்சாரம் உழவருக்கு உயிர் போன்றது. யூனிட்டுக்கு ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் போராடியபோது, 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று உழவர்கள் உயிர் நீத்தனர். உணவை விளைவிப்பதற்காக உயிரையும் கொடுத்த ஊர் இது என்பதை நாம் மறக்கலாகாது.

இன்றோ, பின்னலாடைத் தொழில் சுற்றுப்புறம் எங்கும் பரவியிருக்கிறது. கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிந்து திருப்பூர் மாவட்டம் 2009-ல் உருவாயிற்று. 2011 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை சுமார் 24 இலட்சத்து 79 ஆயிரம். இவர்களுள் பெருந்தொகையினர் தம் உணவைத் தாமே விளைவிப்பவர் அல்லர். கூலி பெற்று வாங்கி உண்பவர். தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கியிருப்போர் பலர். வாங்கி உண்பவருக்கு உணவு எத்தனை தூரம் என்பதை நான்கு வகையாக அளக்க வேண்டும்.

முதலாவது: கால் நடக்கும் தூரம்

இதில் தமிழ்நாடு நல்ல நிலையில் உள்ளது எனலாம். 34,000-க்கும் மேற்பட்ட நியாய விலைக் கடைகள் மாநிலத்தில் உள்ளன. பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. 1972-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் இவற்றுக்குப் பொருள் அனுப்புகிறது. அட்டைதாரர் எவரும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியதில்லை என்பது அரசு வகுத்த கொள்கை. அமெரிக்கர் மைல் கணக்குப் போடுவதற்கு முன்பே நம் மாநிலம் கடையைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டது. நடக்க முடியாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிற்கே பொருள் கொண்டு செல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டு 12 அன்று தொடங்கப்பட்டது.

இரண்டாவது: கடிகாரத் தூரம்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்யும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். காலை 8.30 மணிக்கு உள்ளே சென்றால், ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு 8.30 ஆகும். ரேஷன் கடையோ காலையில் திறந்து மாலையில் மூடிவிடும். உழவர் சந்தை அதிகாலையில் கூடி, நண்பகலுக்குள் கலைந்துவிடும். கடை கூப்பிடு தூரத்தில் இருந்தும் அத்தாய்க்கு அது பூட்டிய கதவுதான். மாதத்தின் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஷன் கடை திறந்திருக்கும் வழக்கம் இத்தகையோருக்கே பெரிய உதவி. மற்ற நாட்களில் இரவு ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும் சிறு கடையில், மீந்து வாடிய காயையோ முட்டையையோ வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்புகிறாள்.

மூன்றாவது: காசுத் தூரம்

சனிக்கிழமை சம்பளம் வாங்குவோர் வீட்டில் ஞாயிறன்று குழம்பு மணக்கும். வியாழன், வெள்ளியில் பற்று நோட்டு நீளும். கால் லிட்டர் எண்ணெயும் சிறு பாக்கெட் மசாலாவுமாக வாங்குபவர், மொத்தமாக வாங்குபவரைவிட அதே பொருளுக்கு அதிக விலை கொடுக்கிறார். இங்குதான் பொது விநியோகத்தின் அருமை தெரிகிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரருக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின்கீழ்த் துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் கிடைக்கத் தொடங்கின. ஆயினும் கீரை, காய், பழம், பால் ஆகியவை எந்த அட்டையிலும் வருவதில்லை. வயிறு நிறைவது வேறு, உடல் தேறுவது வேறு என்பதை உங்கள் அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைகள் இக்குறையைத் தீர்க்க ஒரு வழி. இடைத்தரகரின்றி உழவரே விற்பதால் இருசாராருக்கும் நன்மை. திருப்பூரில் வடக்கு, தெற்கு என இரண்டு உழவர் சந்தைகள் உள்ளன.

நான்காவது: அட்டைத் தூரம்

திண்டுக்கல்லிலோ ஒடிசாவிலோ பெயர் பதிந்த அட்டை, பெருமாநல்லூர்க் கடையில் முன்னர்ச் செல்லாது. 2020 மார்ச்சு 25 அன்று ஊரடங்கு வந்து ஆலைகள் நின்றபோது, சொந்த ஊரில் உரிமையும் தங்கிய ஊரில் பசியுமாகத் தவித்தோர் நாடெங்கும் எத்தனையோ பேர். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று தமிழ்நாட்டில் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' முறை நடைமுறைக்கு வந்தது. எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31-க்குள் இதனைச் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முன்னுரிமைக் குடும்பத்தினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. பிற மாநிலத்தவர் தம் பங்கை இங்கே வாங்கிக்கொண்டு, மீதியை ஊரிலுள்ள குடும்பத்தினர் வாங்குமாறு விட்டுவைக்கலாம். ஆனால் இதனை அறியாதவருக்கு அந்த 5 கிலோவும் ஆயிரம் மைலுக்கு அப்பால்தான் இருக்கிறது. உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்காமல், சிலர் மறுபடி மறுபடி அலைவதும் உண்டு.

வரலாறு கூறும் பாடம்

1943-ல் வங்கத்தில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அதில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டனர் என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் கணித்தார். 1981-ல் வெளியான தம் நூலில் அவர் எடுத்துக்காட்டிய உண்மை வியப்பானது. அவ்வாண்டு வங்கத்தில் இருந்த உணவு, பஞ்சமில்லாத 1941-ஐவிடக் குறைந்துவிடவில்லை. விலை ஏறியது, கூலி ஏறவில்லை. உணவு இருந்தது, அதனைப் பெறும் வலிமை கூலியாட்களிடம் இல்லை. ஆகவே, 'ஊரில் உணவு இருக்கிறதா?' என்று கேட்டால் மட்டும் போதாது. 'யார் கைக்கு அது எட்டவில்லை?' என்றும் கேட்க வேண்டும்.

தூரமே இல்லாத உணவும் ஒன்று உண்டு. அது பள்ளி உணவு. 1956-ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவியது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. விடியலில் வேலைக்கு ஓடும் தாயின் குழந்தைக்கு அதன் அருமை தெரியும். இங்கே குழந்தை உணவைத் தேடிப் போவதில்லை. உணவே குழந்தையைத் தேடி வருகிறது.

நாம் செய்யத்தக்கது

மாணவியரே, நான்கு தூரங்களையும் மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். பக்கத்து லைன் வீட்டில் வேற்று மொழி பேசும் அக்கா ஒருவர் இருந்தால், அவர் ஊர் அட்டை இங்கும் செல்லும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். மூன்றாம் வீட்டுப் பாட்டிக்கு வரிசையில் நிற்க இயலாவிடில், வீட்டிற்கே பொருள் பெறும் வழியைக் கேட்டறிந்து கூறுங்கள். கடையின் நேரத்தை அறியாத அம்மாவுக்கு அதனை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பத்து வயதுச் சிறுமியாலும் இவற்றைச் செய்ய முடியும்.

பயிற்சி

1. உங்கள் தெருவின் வரைபடம் வரைந்து, ரேஷன் கடை, மளிகைக் கடை, காய்கறிக் கடை ஆகியவற்றைக் குறிக்கவும். வீட்டிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிட நடை?

2. ஒவ்வொரு கடையும் எப்போது திறந்து எப்போது மூடுகிறது? உங்கள் வீட்டில் வேலைக்குச் செல்வோர் அந்நேரத்தில் எங்கே இருக்கின்றனர்?

3. கால் லிட்டர் எண்ணெயின் விலையை நான்கால் பெருக்கி, ஒரு லிட்டர் விலையுடன் ஒப்பிடவும்.

4. உங்கள் தெருவில் உணவு எட்டாத வீடு ஏதேனும் உண்டா? நான்கு தூரங்களுள் எது அதற்குக் காரணம்?

நான்காம் கேள்விக்கு விடையை ஏட்டில் எழுத வேண்டாம். அந்த வீட்டாரின் மனம் நோகாதபடி உங்களால் இயன்றதைச் செய்யுங்கள். அதுவே விடை.