மலருக்கு எழுதப்போகும் பெறாமகளுக்கு

அன்பின் பெறாமகளுக்கு,

ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில், சென்ற வருடத்துக்குள் காலமான எங்கள் ஊர் முதியவர்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுதும் வேலையை உன்னிடம் தந்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னான். வட்ஸ்அப்பில் நீ அனுப்பிய முதல் மூன்று பக்கங்களையும் வாசித்தேன். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை இவ்வளவு துப்புரவாகத் தமிழ் எழுதுவது சந்தோஷம். ஆனால் மூன்று பேரும் இரக்க சுபாவம் உடையவர்கள், மூன்று பேரும் விருந்தோம்பலில் சிறந்தவர்கள், மூன்று பேரும் சென்ற இடமெல்லாம் அன்பைச் சம்பாதித்தவர்கள். மூன்று பேரையும் எனக்குத் தெரியும். அதில் ஒருவர் வாழ்நாளில் ஒருவருக்கும் ஒரு தேத்தண்ணி கொடுத்ததில்லை.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்கு விளங்குகிறது. வீட்டில் இருக்கும் பழைய கல்வெட்டுகளைப் பார்த்து எழுதியிருக்கிறாய். பார்த்தது சரி, எடுத்த இடம்தான் பிழை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கையில் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் ஒரே பெறுமதி உள்ளவை அல்ல. முன்னுக்குப் பஞ்சபுராணம் இருக்கும், அது எங்கும் கிடைக்கும். திதி வெண்பா நாலே அடிதான். ஆனால் எந்த வருடம், எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்பது அதற்குள் கட்டப்பட்டிருக்கும். ஐம்பது வருடம் கழித்தும் பேரப்பிள்ளை ஆட்டைத் திவசத்துக்கு நாள் பார்ப்பது அதை வைத்துத்தான். முற்காலத்தில் புலவர் ஒருவரைக் கொண்டு முழு வரலாற்றையும் செய்யுளாகவே எழுதுவித்து, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று வரிசையாக வைத்து, அந்தியேட்டியன்று ராகத்தோடு படிப்பார்கள். கேட்கும்போது கண் கலங்கும், பிறகு வாசித்தால் ஆரைப் பற்றியது என்று பிடிபடாது. என்னைக் கேட்டால் கல்வெட்டில் மிகப் பெறுமதியான பக்கம் கடைசியில் மடித்து வைத்திருக்கும் வம்சாவளிதான். பாட்டனின் சகோதரி எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள், எந்தக் கிளை மலாயாவுக்குப் போனது என்பது வேறெங்கும் எழுதப்படவில்லை. நீ அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் புகழ்ச்சிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாய்.

அடுத்தது மரண அறிவித்தல். பேப்பரில் வந்த துண்டு எல்லோருக்கும் கிடைக்கும், அதிலிருந்து தொடங்கு. ஒரு ஊரைப் பிறப்பிடமாகவும் இன்னொன்றை வதிவிடமாகவும் கொண்டவர் என்று ஒரே வசனத்தில் முடிப்பார்கள். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் உனக்கு வேலை இருக்கிறது. எங்கள் ஊர் 1990 ஜூனில் ஒரேயடியாக வெளிக்கிட்ட ஊர். வலிகாமம் வடக்கை உயர் பாதுகாப்பு வலயம் ஆக்கியபின் ஆள் ஆளுக்குச் சிதறினோம். சிலர் மல்லாகத்துக்குப் பக்கத்தில் கோணாப்புலம் முகாமிலேயே பேரப்பிள்ளை கண்டார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோது இரண்டாம் முறை ஓடினார்கள், சிலர் வன்னிக்குப் போய் 2009 வரை ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் எந்த வருடம் எங்கே இருந்தார், ஆர் வீட்டில் இருந்தார், வாடகையா, முகாமா, சொந்தக்காரர் வளவில் கொட்டிலா என்று எழுது. சுருக்கமாகத்தான், ஆனால் எழுது.

பிறந்த நாளை அடையாள அட்டையிலிருந்து எடுத்திருக்கிறாய். அந்தத் தலைமுறைக்கு அது எப்போதும் சரியாக இருக்காது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கூட்டியும் குறைத்தும் சொல்வது வழக்கம். சாதகக் குறிப்பு இருக்கிறதா என்று கேள். யுவ வருடம் ஐப்பசி என்று அதில் இருந்தால் 1935 ஒக்ரோபர், நவம்பர். அட்டையில் வேறு ஆண்டு இருந்தால் இரண்டையும் போடு, எது எங்கே இருந்து எடுத்தது என்றும் சொல். கல்யாணம், முதல் பிள்ளை, வீடு கட்டியது எல்லாம் எந்த ஆண்டு என்று கேட்டால் வயதானவர்களுக்குச் சொல்ல வராது. புயலுக்கு முந்தியா பிந்தியா என்று கேள். இங்கே புயல் என்றால் 1964 டிசம்பரில் வந்தது. யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது 1956. கலவரத்தில் கொழும்பில் அடிபட்டவர்கள் கப்பலில் வந்து இறங்கியது 1958. அதிகம் படியாத ஆச்சிகூட இந்த மூன்றுக்கும் இடையில் தன் கல்யாணத்தை மாசக் கணக்காகச் சொல்லிவிடுவாள்.

இனி, கேட்கிற விதம். நீ சங்கக்கடை ஒழுங்கை ஆச்சியின் மகளுக்கு ரெலிபோன் எடுத்து, "அம்மா எப்படிப்பட்டவ?" என்று கேட்டிருக்கிறாய். அவள், "நல்லவ, எல்லாருக்கும் உதவி செய்வா" என்றிருக்கிறாள். செத்து ஒரு வருடம் ஆகாத தாயைப் பற்றி வேறென்ன சொல்வாள்? நான் அதே மகளிடம் போன கிழமை சந்தையில் கதைத்தேன். "கொம்மாவுக்கு ஆரில கோவம் வரும்?" என்று கேட்டேன். அவ்வளவுதான், மரக்கறிப் பையை நிலத்தில் வைத்துவிட்டாள்.

தண்ணியை வீணாக்குகிறவனில் கோபம் வருமாம். ஏனென்றால் ஆச்சியின் மனிசன், உன் பக்கத்தில் நீ "சீமெந்துத் தொழிற்சாலை ஊழியர்" என்று எழுதியிருக்கிறாயே, அவர் காங்கேசன்துறைக்கு வேலைக்குப் போய்விடுவார். தோட்டம் முழுக்க இவளுடைய பொறுப்பு. துலா மிதிக்கக் கூலிக்கு ஆள் வரும், தண்ணி மாறுவது இவள்தான். வாய்க்காலில் வருகிற தண்ணியை ஒரு பாத்தி நிரம்பியதும் காலால் மண்ணை விலக்கி அடுத்த பாத்திக்குத் திருப்ப வேண்டும். கொஞ்சம் பிந்தினால் வரம்பு உடைந்துபோகும். செவ்வாய்க்கிழமை இவர்களுடைய இறைப்பு முறை, விடிய நாலு மணிக்குத் தொடங்கும். எழுபதுகளில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் நாட்டுக்குள் வராமல் நிறுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நாலு காசு கண்டார்கள் என்று படித்திருப்பாய். அந்தக் காசில் இவள் கல்வீடு கட்டினாள். விதை வெங்காயத்தைப் பிடி கட்டி அடுப்படி வளையில் தொங்கவிட்டிருப்பாள். வீட்டில் வேறு வெங்காயம் இல்லாத நாளிலும் அதில் ஒன்றை உரிக்க விடமாட்டாளாம். நீ எழுதிய கருணையின் வடிவம் எங்கே, இவள் எங்கே!

அது மட்டுமில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் காணிகளில் ஒரு பகுதியை ஆமி விட்டபோது நானும் போனேன். வேலி இல்லை, மதில் இல்லை, வீடு இருந்த அடையாளம் இல்லை. புல்டோசர் போட்டுத் தள்ளிய இடத்தில் பற்றை ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. இளந்தாரிகள் நிலஅளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். படத்தில் கோடு இருக்கிறது, நிலத்தில் எங்கே தொடங்குவது? ஆச்சியை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். இறங்கி நின்று கோயில் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். பிறகு பொல்லை ஊன்றிக்கொண்டு நடந்து ஒரு இடத்தில் நின்று, "இதில வெட்டுங்கோ" என்றாள். பற்றையை வெட்டி, கல்லையும் மண்ணையும் கிண்ட, கிணற்றுக் கட்டு வந்தது. அது நாலு குடும்பத்துக்குப் பங்குக் கிணறு. அதிலிருந்து ஆர் வாய்க்கால் எந்தப் பக்கம் போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த நாலு குடும்பமும் எல்லை போட்டது அன்றைக்கு அவள் சொன்ன சொல்லை வைத்துத்தான். அதில் ஒரு குடும்பம் உங்கள் ஸ்காபரோவில்தான் இருக்கிறது. இது மலரில் வரவேண்டாமா?

எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அறிவித்தலில் "அன்பு மனைவி"யாகவும் "பாசமிகு தாயார்" ஆகவும்தான் வருவார்கள், ஆண்களுக்கு மட்டும் தொழில் இருக்கும். நீ அதை மாற்று. ஒவ்வொரு பெண்ணுக்கும் என்ன வேலை செய்தாள், என்ன தெரியும், காசு ஆர் கையில் இருந்தது என்று கேட்டு எழுது. தேசவழமைப்படி வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வந்தவை. ஆகவே காணியின் கதையும் பெண்கள் பக்கம்தான் கிடைக்கும். உறுதியில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் இருக்கும், சீமா என்றோ கலட்டி என்றோ புலம் என்றோ முடியும். அந்தப் பெயரைக் கேட்டு வாங்கு. இன்னும் விடாத காணிகள் இருக்கின்றன, பெயர் தெரிந்த கிழடுகள் குறைந்துகொண்டு வருகிறோம்.

ஒரு விஷயத்தில் உனக்குச் சங்கடம் வரும், முன்கூட்டியே சொல்கிறேன். பழைய கல்வெட்டுகளில் இன்ன குலத்தில் உதித்த திலகம் என்று சாதியை மெச்சி ஒரு வரி இருக்கும். சங்கத்தில் ஆரோ ஒருவர் அதைச் சேர்க்கச் சொல்வார். சேர்க்காதே, பெரியப்பா சொன்னார் என்று என் தலையில் போடு. ஆனால் சாதியே இல்லாத ஊர் மாதிரியும் எழுதாதே. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் எல்லாரையும் விடச் சொல்லிப் போராட்டம் நடந்தது. வாசலில் விட மறுத்து நின்றவர்களும் இருந்தார்கள், உள்ளே போக வந்து அடி வாங்கியவர்களும் இருந்தார்கள். அப்போது இளந்தாரிகளாக நின்ற இரண்டு பக்கத்தாரும் இப்போதுதான் ஒவ்வொருவராகப் போகிறார்கள். உன் பட்டியலில் "கோயில் தொண்டர்" என்று நீ எழுதிய ஒருவர் எந்தப் பக்கம் நின்றார் என்று எனக்குத் தெரியும். அவருடைய மகனிடம் நீயே கேள். ஒளிக்கமாட்டான், பிற்காலத்தில் தகப்பன் என்ன சொன்னார் என்பதையும் அவனே சொல்லட்டும். அவன் போடவேண்டாம் என்றால் போடாதே, ஆனால் அந்த இடத்தைப் புகழ்ச்சியால் நிரப்பாதே.

பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், காணாமல் போன பிள்ளைக்காகக் கடைசிவரை படத்தோடு வீதியில் இருந்தவர்கள், இவர்கள் விஷயத்திலும் அப்படித்தான். குடும்பம் சொல்கிற சொல்லையே போடு. காணாமல் போனவர் என்று சொன்னால் காணாமல் போனவர். இறந்தவர் என்று நீயாக எழுதாதே.

உன் பட்டியல் பேப்பர் அறிவித்தல்களை வைத்துப் போட்டது என்று நினைக்கிறேன். அறிவித்தல் போடக் காசு வேண்டும், போடுவதற்கு வெளிநாட்டில் பிள்ளையும் வேண்டும். சுடலையில் வேலை செய்த மனிசன் ஆனியில் செத்தார். எங்கள் ஊர்ச் செத்தவீடுகளுக்கெல்லாம் விறகு அடுக்கியவர் அவர். முகாமில் தனியாக இருந்த, கல்யாணம் கட்டாத தையல்காரி தையில் செத்தாள். என் தலைமுறைப் பெட்டைகளின் பள்ளிக்கூட வெள்ளைச்சட்டை முக்காவாசி அவள் தைத்தது. இரண்டு பேருக்கும் அறிவித்தலும் இல்லை, கல்வெட்டும் இல்லை. இவர்களை மலரில் முன்னுக்குப் போடு. தையல்காரியைப் பற்றிக் கேட்க அவளுடைய தங்கைமுறையான ஒருத்தி ஏழாலையில் இருக்கிறாள், நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். பின்னேரத்தில் எடுக்காதே, காது கேட்கிற மெஷினைக் கழற்றி வைத்துவிடுவாள். உங்களுக்கு இரவு பத்து மணி என்றால் இங்கே காலமை, அப்போது எடு. கதையைத் தொலைபேசியில் பதிந்துகொள், பதிகிறேன் என்று முதலிலேயே சொல்லு.

படங்கள் கேட்கும்போது முன்பக்கத்தை மட்டும் ஸ்கான் பண்ணி அனுப்புவார்கள். பின்பக்கத்தையும் கேட்டு வாங்கு. ஸ்ரூடியோ முத்திரையும், ஆரோ பென்சிலால் எழுதிய ஆண்டும் அங்கேதான் இருக்கும். கூட்டமாக நிற்கிற படம் என்றால் இடமிருந்து வலமாகப் பெயர் கேட்டு எழுது, தெரியாதவருக்குத் தெரியாது என்றே போடு.

அச்சான பிறகு சங்கத்து ஆண்டு விழாவில் கொடுத்து முடித்துவிடாமல் பிரதிகளை எடுத்து வை. ஒன்று யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு. 1981இல் அங்கே எரிந்த 97,000 நூல்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், எங்கள் ஊரில் அச்சானதை ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. இன்னொன்று நூலகம் நிறுவனத்துக்கு. 2005இல் தொடங்கிய அந்த இணைய நூலகத்தில் நினைவு மலர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஊர்க்காரர் பலர் தங்கள் வம்சாவளியைத் தேடிக்கொண்டு அங்கே போகிறார்கள். நீயும் ஒருமுறை உன் அப்பப்பாவின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்.

சங்கக்கடை ஒழுங்கை ஆச்சியின் பக்கத்தைத் திருத்தி முதலில் எனக்கு அனுப்பு. கிணற்றில் பங்குள்ள நாலு குடும்பத்தின் பெயரும் நான் சரிபார்க்க வேண்டும். அதில் ஒரு பெயர் பிழைத்தால் அடுத்த மாதம் எனக்கு இங்கே வழக்கு வரும்.

அன்புடன்,
பெரியப்பா