ஓடி வந்த பிள்ளையிடம் ஊர் கேட்கும் கணக்கு

கேள்வி: வக்கீலம்மா, என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படிக்கிறான். ஒரு சாயங்காலம் டியூஷன் முடிந்து நடந்து வந்தவனிடம் வேனில் இருந்த இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டிருக்கிறார்கள். ‘நீயும் ஏறு தம்பி, வழிய காட்டிட்டு முக்குல இறங்கிக்கோ’ என்றதும் ஏறிவிட்டான். முக்கில் இறக்கவில்லை. செல்லைப் பிடுங்கிக்கொண்டு, களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் ஒரு ரப்பர் தோட்டத்துக் கொட்டகையில் அடைத்து வைத்தார்கள். விடியுமுன் பின்பக்கத் தட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறான். பால் வெட்ட வந்த ஒருவர்தான் அவனைப் பார்த்து அந்த ஊர்ப் போலீசில் சேர்த்தார். அவன் காணாமல் போன ராத்திரி இங்கே எங்களுக்குக் கிடைத்தது புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான். இப்போது உள்ளூர்ப் போலீசார் ‘அங்கே கேளுங்கள்’ என்கிறார்கள்.

ஊரில் பேசுவதைக் கேட்க முடியவில்லை. ‘தானாத்தானே ஏறினான்’, ‘கட்டிப் போடலியே, ராத்திரியே ஓடியிருக்கலாமே’, ‘பரீட்சைக்குப் பயந்து போட்ட நாடகம்’ என்கிறார்கள். அவன் பள்ளிச் சீருடைப் படம் செல்லுக்குச் செல் போகிறது. அடுத்த தெருவில் டெம்போ ஓட்டும் ஒரு பையன்தான் ஆள் என்று கிளப்பிவிட்டார்கள். அந்தப் பையன் போட்டோவை எங்கள் உறவுக்காரர் ஒருவரே பிள்ளையிடம் காட்டி, ‘இவனா பாரு மக்கா’ என்று கேட்க, அவன் ‘இருக்கும் போல’ என்றான். வந்த அன்றே அவனைப் பேசவைத்து வீடியோவும் எடுத்திருக்கிறார்கள். அத்தானின் கூட்டாளிகள் டெம்போ பையனைப் பிடித்து விசாரிக்க நிற்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வேண்டாம், கல்குளம் வட்டம்

பதில்: பெயர் வேண்டாம் என்று எழுதியது சரி. நானும் உங்கள் கடிதத்தில் பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில், கூடியிருக்கும் அந்தக் கூட்டாளிகளை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள். மற்றதெல்லாம் ஒரு நாள் பொறுக்கும், இது பொறுக்காது.

தனி ஆள் ஒருவரைப் பிடிக்கச் சட்டம் இடம் தருவது மிகக் குறுகிய சூழலில்தான். ஜாமீனில் விட முடியாத குற்றத்தை உங்கள் கண் முன்னால் செய்கிறவரையோ, தேடப்படும் குற்றவாளி என்று நீதிமன்றம் அறிவித்தவரையோ பிடிக்கலாம். பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 40ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. சந்தேகத்தின் பேரில் ஒருவனைப் பிடித்து வைத்து ‘விசாரித்தால்’, அடைத்து வைத்த குற்றம் உங்கள் ஆட்கள் மேல் விழும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குக் குடும்பத்தோடு போன வயதான பெண் ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளைபிடிக்காரி என்று அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்களும் தாங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள்.

இனி, ‘தானாத்தானே ஏறினான்’ என்ற பேச்சுக்கு வருவோம். சட்டப்படி இதில் ஒரு சத்தும் இல்லை. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆவது பிரிவு, பதினெட்டு வயது நிறையாத பிள்ளையைப் பெற்றோரின் பொறுப்பிலிருந்து அவர்கள் சம்மதமில்லாமல் கொண்டுபோவதையும், ஆசை வார்த்தையோ பொய்யோ சொல்லி இழுத்துப்போவதையும் கடத்தல் என்கிறது. பிள்ளையின் சம்மதம் அங்கே கணக்கில் வராது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இந்தப் பாதுகாப்பு ஆண் பிள்ளைகளுக்குப் பதினாறு வயது வரைதான் இருந்தது. புதிய சட்டம் நடப்புக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முன்னால் இது நடந்திருந்தால், இந்தப் பிரிவில் உங்கள் அக்கா மகனைச் சேர்க்கவே வழக்கறிஞர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்திருக்கும். இப்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயதுதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து வைக்கக்கூடிய தீர்ப்பு ஒன்று உண்டு. வரதராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. 1960களில் நம் சென்னையிலிருந்து போன வழக்கு. விவரம் தெரிந்த வயதில் உள்ள பெண், தானே முடிவெடுத்து, தானே அழைத்து ஒருவரோடு போனால், கூடப் போனவர் அவளைக் ‘கொண்டுபோனார்’ என்று ஆகாது என்றது நீதிமன்றம். உங்கள் வழக்குக்கு அது பொருந்தாது. பிள்ளை அவர்களைத் தேடிப் போகவில்லை. வழி கேட்பதாகப் பொய் சொல்லி ஏற்றியதே இழுத்துப்போவதுதான். முக்கில் இறக்காமல் வண்டியை ஓட்டிய நொடியில் குற்றம் முழுமையாகிவிட்டது. அவன் தப்பி வந்துவிட்டதால் இதை ‘கடத்த முயற்சி’ என்று யாரும் குறைத்து எழுத முடியாது. அடைத்து வைத்ததற்குத் தனிப் பிரிவும், யாருக்கும் தெரியாமல் மறைத்து வைக்கும் நோக்கத்தோடு கடத்தியதற்கு 140(3) பிரிவும் சேர வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவுகள் இருக்கின்றன என்று பாருங்கள்.

‘ராத்திரியே ஓடியிருக்கலாமே’ என்ற பேச்சுத்தான் என்னை உறுத்துகிறது. தெருத் திண்ணையில் மட்டுமல்ல, உயர் நீதிமன்றத்திலேயே இது பேசப்பட்டிருக்கிறது. 1996இல் இடுக்கி மாவட்டம் சூரியநெல்லியைச் சேர்ந்த பதினாறு வயது மாணவி, பஸ் ஊழியர் ஒருவரின் பேச்சை நம்பிப் போய், நாற்பது நாள் ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டுச் சீரழிக்கப்பட்டாள். தனி நீதிமன்றம் 2000இல் 35 பேருக்குத் தண்டனை கொடுத்தது. 2005இல் கேரள உயர் நீதிமன்றம் ஒருவரைத் தவிர எல்லோரையும் விடுதலை செய்தது. தப்பிக்க வாய்ப்பு இருந்தும் அவள் தப்பவில்லை என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. எட்டு வருடம் கழித்து, 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2014இல் உயர் நீதிமன்றமே பெரும்பாலானவர்களின் தண்டனையை உறுதி செய்தது. பதினாறு வயதில் அகப்பட்டவளுக்கு நியாயம் முப்பதைத் தாண்டிய பிறகே கிடைத்தது. ‘ஏன் ஓடவில்லை’ என்ற ஒரு கேள்விக்கு அவள் கொடுத்த விலை அது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 2018 அக்டோபரில் பெற்றோர் கொல்லப்பட்டு, கடத்தப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுமி 88 நாள் கழித்துத் தானே தப்பி வந்தாள். அடைத்து வைத்த வீட்டில் அவளையும் கட்டிப் போடவில்லை. கடத்தியவன் அவளைக் கட்டிலுக்கு அடியில் படுக்கச் சொல்லி, சுற்றிலும் பெட்டிகளை நகர்த்தி வைத்துவிட்டுப் போவான். அசைந்தால் தெரிந்துவிடும் என்ற பயமே கயிறாக இருந்தது. அவன் வெளியே போன ஒரு நாளில் தள்ளிக்கொண்டு ஓடி, தெருவில் நாயோடு நடந்துவந்த பெண்ணிடம் தன் பெயரைச் சொன்னாள். வண்டியும் ஆளும் எப்படி என்று அவள் சொன்னதை வைத்துச் சில நிமிடங்களில் அவனைப் பிடித்தார்கள். உங்கள் பிள்ளை ஒரே ராத்திரியில் வழி கண்டுபிடித்திருக்கிறான். அதைச் சந்தேகமாகப் பார்ப்பவர்களுக்கு அவன் எந்தக் கணக்கும் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டிய இடங்கள் விசாரணை அதிகாரியும் நீதிமன்றமும் மட்டும்தான்.

ஊர்வாய் மனதைப் புண்படுத்துவதோடு நிற்காது, வழக்கையே உடைக்கும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அந்த வீடியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். தூங்காமல், பயத்தோடு, நாலு பேர் சூழ்ந்து நிற்க, பிள்ளை ‘வெள்ளை வண்டி’ என்று சொல்லியிருப்பான். பத்து நாள் கழித்து, தெளிந்த மனதோடு நீதித்துறை நடுவரிடம் ‘சில்வர் கலர்’ என்பான். இரண்டு வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, ‘எது பொய்?’ என்று கேட்பார். முன்பு சொன்னதை வைத்துச் சாட்சியை மடக்கும் உரிமை அவருக்கு இருக்கிறது, அது சாட்சியச் சட்டத்தில் உள்ளதுதான். ஒவ்வொரு உறவினர் முன்னாலும் பிள்ளையைக் கதை சொல்ல வைத்தால் அவ்வளவு மடக்குகளை நீங்களே செய்து கொடுக்கிறீர்கள். இனிமேல் யார் கேட்டாலும், ‘கோர்ட்டில் சொல்வான்’ என்ற ஒரே பதில் போதும். எடுத்த வீடியோவை அழிக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அப்படி ஒன்று இருப்பதை விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

போட்டோ காட்டியது அதைவிடச் சிக்கல். பிடிபட்ட ஆளை, அவர் சாயலில் உள்ள வேறு சிலரோடு வரிசையில் நிறுத்தி, நீதித்துறை நடுவர் முன்னால் பிள்ளையிடம் அடையாளம் காட்டச் சொல்வதற்கு அடையாள அணிவகுப்பு என்று பெயர். முன்பின் தெரியாத ஆட்கள் செய்த குற்றத்தில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் முன்கூட்டியே ஒரு முகத்தைச் செல்லில் காட்டி ‘இவனா’ என்று கேட்டாகிவிட்டால், பிள்ளை வரிசையில் அடையாளம் காட்டுவது வேனில் பார்த்த முகத்தையா, செல்லில் பார்த்த முகத்தையா? அவனுக்கே தெரியாது. டெம்போ பையன் உண்மையில் குற்றவாளி என்றால் இந்தப் போட்டோவே அவனுக்கு விடுதலை வாங்கித் தரும். குற்றவாளி இல்லையென்றால், செய்யாத குற்றத்துக்கு ஒரு வீட்டுப் பிள்ளை சிறைக்குப் போவான், செய்தவர்கள் வெளியே திரிவார்கள். ‘இருக்கும் போல’ என்று பதினாறு வயதுப் பிள்ளை சொன்னது பெரியவர் கேட்டதற்கான மரியாதைப் பதில். அதை அடையாளம் காட்டியதாக எடுக்காதீர்கள். யார், என்றைக்கு, எந்தப் படத்தைக் காட்டினார் என்று எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். மறைத்தால் குறுக்கு விசாரணையில் வெளிவரும், அப்போது எல்லாமே சந்தேகமாகும்.

2002இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் எலிசபெத் ஸ்மார்ட் என்ற பதினாலு வயதுப் பெண் படுக்கையறையிலிருந்து கடத்தப்பட்டபோது, அந்த வீட்டில் முன்பு பழுது வேலை செய்த ஒருவர் மேல் நாடே சந்தேகப்பட்டது. பழைய குற்றப் பின்னணி இருந்ததால் எல்லோருக்கும் அது பொருத்தமாகத் தெரிந்தது. அவர் காவலில் இருக்கும்போதே மூளையில் ரத்தக்கசிவு வந்து இறந்துபோனார். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அதே அறையில் படுத்திருந்த ஒன்பது வயதுத் தங்கைக்குச் சில மாதம் கழித்து வேறொரு மனிதனின் பெயர் நினைவுக்கு வந்தது. யாரும் அவள் வாயில் திணிக்காத பெயர். அதுதான் சரியாக இருந்தது. 2003 மார்ச்சில் எலிசபெத் உயிரோடு மீட்கப்பட்டாள்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் பக்கத்தில் கொல்லம் ஓயூரில் 2023 நவம்பர் 27 அன்று அண்ணனோடு நடந்துபோன ஆறு வயதுக் குழந்தையைக் காரில் கடத்தி, மறுநாள் ஆசிராமம் மைதானத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். ஆட்கள் பிடிபடும் வரை குழந்தையின் அப்பாவைச் சுற்றியும் சந்தேகப் பேச்சு ஓடியது. டிசம்பர் 1 அன்று நம் தென்காசி மாவட்டம் புளியரையில் பிடிபட்டது ஒரு தம்பதியும் அவர்கள் மகளும். குழந்தை சொல்லச் சொல்ல ஓவியர்கள் வரைந்த படங்கள் விசாரணைக்குப் பெரிய துணையாக இருந்தன. உங்கள் பிள்ளையையும் ஓவியரோடு உட்கார வைக்கச் சொல்லிப் போலீசிடம் கேளுங்கள். டெம்போ பையனைப் பற்றிப் போலீசுக்குத் தெரியாத உறுதியான தகவல் இருந்தால் எழுத்தில் கொடுங்கள். ஊரில் மட்டும் பேசாதீர்கள். அவன் குடும்பம் அவதூறு வழக்குப் போட்டால், படத்தை அனுப்பிய உங்கள் உறவுக்காரரும் பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளையின் சீருடைப் படத்துக்கு வருகிறேன். சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆவது பிரிவு, குற்றத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. பத்திரிகை மட்டுமல்ல, எந்தத் தகவல் தொடர்பு வழியும் அதில் அடங்கும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் கடிதத்தில் விவரம் மாற்றியதும் இதற்காகத்தான். அந்தப் படம் யார் எண்ணிலிருந்து, என்றைக்கு வந்தது என்பது தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, நாகர்கோவில் சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள். வந்த செய்தியைச் செல்லிலிருந்து அழிக்காதீர்கள்.

‘அங்கே கேளுங்கள்’ என்பதும் தவறு. கடத்தல் வழக்கைப் பிள்ளையைப் பிடித்த இடத்திலும், கொண்டுபோன வழியிலும், அடைத்து வைத்த இடத்திலும் விசாரிக்கலாம். அதனால் உங்கள் பகுதிக்கும் அதிகாரம் இருக்கிறது. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரில் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. சி.எஸ்.ஆர். ரசீது அதற்கு ஈடாகாது. கேரளத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதன் நகல் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு இடத்திலும் இல்லையென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அதிலும் அசையவில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். வழக்கு யார் கையில் இருந்தாலும், பிள்ளையின் வாக்குமூலத்தை நடுவர் முன்னால் சீக்கிரம் பதிவு செய்ய ஏற்பாடு செய்யும்படி விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கேளுங்கள். நீங்களாக நேரே நடுவரிடம் போக முடியாது, போலீஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

உங்கள் அக்காவிடம் மட்டும் தனியாகச் சொல்ல ஒன்று. அந்த ராத்திரி கொட்டகையில் வேறு ஏதாவது நடந்திருந்தால் ஆண் பிள்ளைகள் பல நாள் வாய் திறக்க மாட்டார்கள். துருவிக் கேட்காதீர்கள். அவனாகச் சொன்னால் அதிர்ச்சியைக் காட்டாமல் கேட்டுக்கொண்டு உடனே போலீசுக்குத் தெரிவியுங்கள். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும்தான். தாமதமாகச் சொன்னான் என்பதற்காக அவன் பேச்சு பொய்யாகிவிடாது. 1098 குழந்தைகள் உதவி எண் வழியாக மனநல ஆலோசனைக்கும் வழி கேட்கலாம்.

வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சி.எஸ்.ஆர். ரசீது, பிள்ளையின் வயதுச் சான்று, அந்த ஸ்கிரீன்ஷாட்டுகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு அக்காவை அழைத்துப் போங்கள். பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டு மனுவையும் அங்கேயே கொடுக்கலாம். பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம். அவன் பள்ளிக்குப் போகட்டும்.