புத்தகசாலைக் குறைவிற் பிறந்த பெருநூல்

ஆராய்ச்சி நூல் இயற்றுதற்குப் பெரும் புத்தகசாலை இன்றியமையாததென்பர். எரிக் அவுர்பாக் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் வரலாறு இக்கொள்கையை ஆராயத் துணைசெய்யும்.

யூதராதலின் 1935-இல் நாஜி ஆட்சியில் மார்பர்க் சர்வகலாசாலைப் பதவியை இழந்த இவர், மறு ஆண்டில் துருக்கியின் இஸ்தான்புல் நகரை அடைந்தார். ஆங்கு 1942 முதல் 1945 வரை எழுதிய ‘மிமேசிஸ்’ என்னும் நூல், 1946-இல் பெர்ன் நகரில் வெளிவந்தது. மேனாட்டிலக்கியம் மெய்ம்மையைச் சித்திரிக்கும் முறையே அதன் பொருள்.

வேண்டிய ஆராய்ச்சி ஏடுகள் பல ஆங்குக் கிடைத்தில. ஆதலின், மூலநூல்களினின்று சிறு பகுதிகளை எடுத்து, சொல்லும் தொடரும் அமைந்த நெறியை நுணுகி நோக்கினார். ஒடிஸியஸின் தழும்பைப் பற்றி ஹோமர் கூறுவதையும், ஈசாக்கைப் பலியிடச் சென்ற ஆபிரகாமின் வரலாற்றையும் ஒப்பிட்டு, முன்னது யாவற்றையும் விளக்குதலையும், பின்னது பலவற்றைக் கூறாது விடுதலையும் காட்டினார். புத்தகசாலை நிறைந்திருப்பின் இந்நூல் எழாமலே போயிருக்கலாமென அவரே முடிவுரையிற் குறித்தார்.

இதனாற் புத்தகசாலை வேண்டாவென்பது பெறப்படாது. கையிலுள்ள மூலநூலைக் கருத்தூன்றிக் கற்றலே ஆராய்ச்சியின் முதற்படியென்பது பெறப்படும்.