பத்தாயிரத்துக்குள் கேமிங் மானிட்டர்: கடைக்குப் போறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

பாடியில எங்க பக்கத்துத் தெரு நண்பன் ஒருத்தன், மூணாம் வருஷம் படிக்கிறான். அம்பத்தூர் எஸ்டேட்ல ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப் பண்ணி வந்த ஸ்டைபண்டை அப்படியே எடுத்து வச்சு, வீட்டுலயும் கொஞ்சம் கேட்டு வாங்கி, 27 இன்ச், 2கே, 165 ஹெர்ட்ஸ்னு ஒரு மானிட்டர் வாங்கினான். பார்க்கவே கெத்தா இருந்துச்சு. கேமை ஓட்டினா, பழைய மானிட்டர்ல 60-ஐத் தொட்டுக்கிட்டிருந்த எஃப்.பி.எஸ். 35-க்கு இறங்கிடுச்சு. "மானிட்டர் ஃபால்ட்டுடா"ன்னான். மானிட்டர்ல ஒரு ஃபால்ட்டும் இல்ல. கணக்குலதான் ஃபால்ட்.

அந்தக் கணக்கை நீங்க கடைக்குப் போறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

1. முதல்ல உங்க பிசியை அளந்து பாருங்க

மானிட்டர் படத்தைக் காட்டும், அவ்வளவுதான். படத்தை உருவாக்குறது கிராபிக்ஸ் கார்டு. ரைசன் 5 5600ஜி மாதிரி தனி கார்டு இல்லாத ப்ராசஸரா, ஜி.டி.எக்ஸ். 1650 மாதிரி 4 ஜி.பி. கார்டா, ஆர்.எக்ஸ். 6600 மாதிரி 8 ஜி.பி. கார்டா என்பதைப் பொறுத்து உங்க பதில் மாறும்.

நீங்க அதிகம் விளையாடுற கேமைத் திறங்க. செட்டிங்ஸில் வி-சிங்க்கை ஆஃப் பண்ணுங்க, எஃப்.பி.எஸ். லிமிட் இருந்தா எடுத்துடுங்க. விண்டோஸ் கீயையும் ஜி-யையும் சேர்த்து அழுத்தினா கேம் பார் வரும், அதிலேயே எஃப்.பி.எஸ். பார்க்கலாம். ஒரு கால் மணி நேரம் விளையாடி, சண்டை நடக்கும்போது எவ்வளவுக்கு இறங்குதுன்னு குறிச்சுக்கோங்க. லாபியில் நிற்கும்போது வர்ற எண்ணை நம்பாதீங்க.

தனி கார்டு இல்லாதவங்க இன்னொண்ணும் பார்க்கணும். ஒரே ஒரு ரேம் ஸ்டிக் போட்டிருந்தா, மானிட்டருக்கு முன்னாடி இரண்டாவது ஸ்டிக் வாங்குங்க. ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் மெயின் ரேமைத்தான் பயன்படுத்துது. இரண்டு சேனலா ஆனதும் எஃப்.பி.எஸ். நல்லாவே ஏறும்.

2. பிக்சல் கணக்கு

பழைய 18.5 இன்ச் மானிட்டர்: 1366 x 768, அதாவது சுமார் 10.5 லட்சம் பிக்சல்.
ஃபுல் ஹெச்.டி.: 1920 x 1080, சுமார் 20.7 லட்சம்.
2கே: 2560 x 1440, சுமார் 36.9 லட்சம்.

ஒவ்வொரு ஃபிரேமிலும் இத்தனை பிக்சலுக்கும் கார்டு நிறம் கண்டுபிடிக்கணும். ஃபுல் ஹெச்.டி.யிலிருந்து 2கே-க்குப் போனா வேலை 1.78 மடங்கு. 62-ஐ 1.78-ஆல் வகுத்துப் பாருங்க, 35 வரும். நண்பனுக்கு நடந்தது இதுதான்.

768-லிருந்து ஃபுல் ஹெச்.டி.க்கு வர்றவங்களுக்கும் இதே எச்சரிக்கை: வேலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும். வாங்குறதுக்கு முன்னாடியே சோதிக்க ஒரு வழி இருக்கு. பல கேம்களில் ரெண்டர் ஸ்கேல்னு ஒரு செட்டிங் உண்டு. அதை 140% வைங்க. 1.4 x 1.4 = 1.96. புது மானிட்டரில் என்ன எஃப்.பி.எஸ். வரும்னு பழைய மானிட்டரிலேயே ஓரளவு தெரிஞ்சிடும்.

ஆரம்ப நிலை பிசிக்கு 24 இன்ச், ஃபுல் ஹெச்.டி.தான் சரியான இடம். 27 இன்ச்சில் அதே ஃபுல் ஹெச்.டி. வாங்கினா, ஒரு இன்ச்சுக்கு 92 பிக்சல் இருந்தது 82-ஆ குறையும். கிட்ட உட்கார்ந்து கோடு அடிக்கிறவங்களுக்கு எழுத்து ஓரமெல்லாம் சொரசொரன்னு தெரியும்.

3. ஹெர்ட்ஸ்: பாடி பஸ் ஸ்டாப்பில் நின்னு யோசிங்க

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லி செகண்டுக்கு ஒருமுறை படத்தை மாத்தும். 100 ஹெர்ட்ஸ்னா 10. 144 ஹெர்ட்ஸ்னா 6.9. இதை டைம்படி கிளம்புற பஸ்ஸா நினைச்சுக்கோங்க. ஃபிரேம்தான் பயணி.

உங்க கார்டு 50 எஃப்.பி.எஸ். தருதுன்னா, ஒரு ஃபிரேம் தயாராக 20 மில்லி செகண்ட் ஆகும். 60 ஹெர்ட்ஸில், வி-சிங்க் ஆன்ல இருந்தா, 16.7-ல் கிளம்பின பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ் 33.3-ல். அதனால திரையில் 50 தெரியாது, 30-தான் தெரியும். அதே ஃபிரேம் 144 ஹெர்ட்ஸில் 20.8-ல் வர்ற பஸ்ஸில் ஏறிடும். அதாவது, 144 எஃப்.பி.எஸ். எடுக்க முடியாத பிசிக்கும் அதிக ஹெர்ட்ஸால் லாபம் உண்டு. "உன் பிசிக்கு 60 போதும்"னு சொல்றவங்க இதைக் கவனிக்கிறதில்ல.

வி-சிங்க்கை ஆஃப் பண்ணா காத்திருப்பு போயிடும். ஆனா ஒரு படத்தின் மேல்பாதியும் அடுத்த படத்தின் கீழ்பாதியும் ஒரே நேரத்தில் தெரியும். இதைத்தான் டேரிங்னு சொல்றாங்க.

4. அடாப்டிவ் சிங்க்: பஸ்ஸுக்குப் பதில் ஷேர் ஆட்டோ

ஷேர் ஆட்டோவுக்கு டைம் டேபிள் கிடையாது. ஆள் ஏறினதும் கிளம்பும். அடாப்டிவ் சிங்க்கும் அப்படித்தான்: ஃபிரேம் ரெடியானதும் மானிட்டர் படத்தை மாத்தும். காத்திருப்பும் இல்லை, கிழிசலும் இல்லை. எஃப்.பி.எஸ். ஏறி இறங்குற ஆரம்ப நிலை பிசிக்குத்தான் இது ரொம்பத் தேவை.

என்விடியா 2013-ல் ஜி-சிங்க்கை அறிவிச்சப்போ, அதுக்கு மானிட்டருக்குள் தனி சிப் தேவைப்பட்டது, விலையும் எகிறியது. 2014-ல் வெசா அமைப்பு அடாப்டிவ் சிங்க்கை டிஸ்ப்ளே போர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. அதை வைத்து ஏ.எம்.டி. ஃப்ரீசிங்க்கைக் கொண்டு வந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் ஜி.டி.எக்ஸ். 10 வரிசையிலிருந்து இந்த மானிட்டர்களுக்குக் கதவைத் திறந்தது. அதனால்தான் இன்று குறைந்த விலையிலும் இது கிடைக்குது.

ஆனா இங்க ஒரு கண்ணி இருக்கு. பட்ஜெட் மானிட்டர்கள் பலவற்றில் ஹெச்.டி.எம்.ஐ.யும் வி.ஜி.ஏ.வும் மட்டும்தான் இருக்கும். ஏ.எம்.டி. கார்டுக்கு ஹெச்.டி.எம்.ஐ. வழியாவே ஃப்ரீசிங்க் கிடைக்கும். ஜி.டி.எக்ஸ். கார்டு வச்சிருந்தா டிஸ்ப்ளே போர்ட் வேணும். 500 ரூபாய் மிச்சம்னு அந்த போர்ட் இல்லாத மாடலை எடுத்தா, பெட்டி மேல ஒட்டியிருக்கிற ஃப்ரீசிங்க் ஸ்டிக்கர் உங்களுக்கு வெறும் ஸ்டிக்கர்தான்.

ரேஞ்சையும் பாருங்க. 48 முதல் 100 ஹெர்ட்ஸ் வரைன்னு போட்டிருந்தா, எஃப்.பி.எஸ். 48-க்குக் கீழே போகும்போது பலன் குறையும். 48 முதல் 144 வரைன்னா பரவாயில்லை. மேல் எண் கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தாராளமா இருந்தா, பழைய ஃபிரேமையே திரும்பக் காட்டிச் சமாளிக்க டிரைவருக்கு இடம் இருக்கும்.

5. பேனலும் பொய் எண்களும்

ஐ.பி.எஸ். பேனல்: நிறம் நல்லா இருக்கும், பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் மாறாது. கான்ட்ராஸ்ட் சுமார் 1000:1. வி.ஏ. பேனல்: சுமார் 3000:1, கறுப்பு கறுப்பாவே தெரியும், ஆனா மலிவான வி.ஏ.வில் இருட்டான காட்சியில் உருவங்கள் இழுத்துக்கிட்டே போகும். படிப்பு, கோடிங், கேம் எல்லாத்துக்கும் ஒரே மானிட்டர்னா ஐ.பி.எஸ். எடுங்க.

"1 மில்லி செகண்ட்"னு பெட்டியில் போட்டிருப்பதில் மயங்காதீங்க. ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து அளந்ததா இருக்கலாம். அந்த செட்டிங்கில் ஓடினா உருவத்துக்குப் பின்னாடி வெள்ளை நிழல் வரும். எம்.பி.ஆர்.டி.ன்னு போட்டிருந்தா, பின்விளக்கை அணைச்சு அணைச்சு எரிய விட்டு அளந்தது, வெளிச்சம் குறையும். இந்த விலையில் ஹெச்.டி.ஆர். என்ற வார்த்தைக்கும் காசு கொடுக்காதீங்க. அந்தக் காசுக்கு உயரம் மாத்தக்கூடிய ஸ்டாண்ட் கிடைச்சா கழுத்துக்கு நல்லது.

6. கடையில்

ஆன்லைன் விலையைக் குறிச்சுக்கிட்டு ஒருமுறை ரிச்சி தெருவுக்கும் போயிட்டு வாங்க. பாடியில் இருந்து திருமங்கலம் மெட்ரோ, சென்ட்ரலில் லைன் மாறி அடுத்த ஸ்டேஷன் கவர்ன்மென்ட் எஸ்டேட், அங்கிருந்து நடை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்க. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்புன்னு ஐந்து முழுநிறப் படங்களை லேப்டாப்பில் கொண்டு போய், கேபிள் மாட்டி ஒவ்வொண்ணா ஓட்டுங்க. செத்த பிக்சல் கண்ணில் படும். எத்தனை பிக்சல் செத்தா மாத்திக் கொடுப்பாங்கன்னு கம்பெனிக்குக் கம்பெனி விதி வேற, முன்னாடியே கேளுங்க. பில்லில் சீரியல் நம்பர் இருக்கணும். "ஜி.எஸ்.டி. பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்"னு யார் சொன்னாலும் வேண்டாம்னு வந்துடுங்க, வாரண்டிக்கு அந்தப் பில்தான் ஆதாரம். ஆன்லைன்ல வாங்கினா, பிரிக்கும்போது ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுங்க. தகராறு வந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

7. சுருக்கமா

தனி கார்டு இல்லையா? 24 இன்ச், ஃபுல் ஹெச்.டி., ஐ.பி.எஸ்., 100 ஹெர்ட்ஸ், ஃப்ரீசிங்க். மிச்சக் காசுக்கு ரேம்.
4 ஜி.பி. கார்டா? அதே அளவு, 144 ஹெர்ட்ஸ் அல்லது மேல, டிஸ்ப்ளே போர்ட் கட்டாயம்.
8 ஜி.பி. கார்டா? 165 அல்லது 180 ஹெர்ட்ஸ் எடுங்க. 2கே ஆசையை ரெண்டர் ஸ்கேல் சோதனைக்கு அப்புறம் வச்சுக்கோங்க.

கடைசியா, வீட்டுக்கு வந்ததும் இரண்டு வேலை. கேபிளை மதர்போர்டில் மாட்டாதீங்க, கிராபிக்ஸ் கார்டில் மாட்டுங்க. அப்புறம் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ஹெர்ட்ஸை மாத்துங்க. விண்டோஸ் பல நேரம் 60-லேயே விட்டுடும்.

நண்பன் வீட்டுல உட்கார்ந்து இந்தக் கணக்கெல்லாம் போட்ட அன்னைக்கு, அவன் செட்டிங்ஸையும் திறந்து பார்த்தோம். 165-க்குக் காசு கொடுத்த மானிட்டர் ஒரு செமஸ்டர் முழுக்க 60-ல ஓடியிருக்கு. நாலு கிளிக்ல சரி பண்ணோம், ரெசல்யூஷனைக் கேமுக்குள்ள குறைச்சோம். இப்ப விளையாடுறான். படம் லேசா மங்கல்தான். 2கே-க்குக் கொடுத்த காசு அடுத்த கார்டு வாங்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கு.