செக்கிங் வரிசையில் பிரஷர் பார்க்காதே

அன்புத் தங்கைக்கு,

கடையநல்லூர்ப் பக்கம் போகநல்லூர் இலங்கைத் தமிழர் முகாமும் இனி உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். பண்பொழியில் விடாத சாரல். வெளியே போக வழியில்லை, விரிவாகவே எழுதுகிறேன்.

அங்குள்ளவர்களுக்கு அரசின் மருத்துவ உதவிகளில் என்னென்ன உண்டு என்று கேட்டிருக்கிறாய். ஏறக்குறைய எல்லாமே உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாசிகளுக்கு வருமான வரம்பே கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் உண்டு. ஆனால் 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கே இல்லை. எல்லாம் அரசாணையால் வந்தவை. அதைப் படித்த ஊழியர் இருந்தால் கிடைக்கும். இல்லையென்றால் ‘கேட்டுச் சொல்றேன்’ என்பதோடு நிற்கும். நகல் உன் பையில் இருக்கட்டும்.

மாதாந்திரச் செக்கிங் நாளிலேயே சுகர், பிரஷர் பார்த்துவிடலாம் என்கிறாய். பெயிண்டிங் வேலைக்குப் போகிற ஆண்களும் அன்றைக்கு இருப்பார்கள், வசதிதான். செய்யாதே. அது அதிகாரிகள் தலை எண்ணுகிற நாள். அந்த வரிசையில் நின்றுகொண்டு தூக்கமில்லை என்றோ, வீட்டுக்காரர் குடிக்கிறார் என்றோ ஒரு பெண் உன்னிடம் சொல்வாளா? உன் நோட்டும் அவர்கள் நோட்டும் அவளுக்கு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை போ. முகாமிலேயே விவரமான பெண் ஒருத்தியைத் துணைக்கு வைத்துக்கொள். 1984-இல் ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் மக்களையே சுகாதாரத் தொண்டர்களாகப் பழக்கியது. அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஊசி, மாத்திரையைவிட நீ கவனிக்க வேண்டியது பிறப்புப் பதிவு. 21 நாளுக்குள் முடித்துவிடு. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தாலும், தாய் தகப்பன் இருவருமே இந்தியக் குடிமக்கள் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியவும், என்றாவது ஊர் திரும்பவும் அந்த ஒரு தாள்தான் பிடி. பெற்றோர் பெயர் முகாம் அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, இருக்கட்டும். பிரசவ வார்டு அவசரத்தில் இனிஷியல் மாறிப்போவது சகஜம். இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளை அதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும்.

முதல் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதிலிருந்து தொடங்கு. திருத்தம் என்றால் பிறந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். மண்டபம் முகாமில் பிறந்த பிள்ளையென்றால் அவ்வளவு தூரம் அலைய நேரும், ஒருநாள் கூலியும் போகும். அதை முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா