வேண்டுதலும் வேண்டும், வைத்தியமும் வேண்டும்

இறைப்பற்று மிகுந்த குடும்பங்களில் மனச்சோர்வு பெரும்பாலும் பக்தியின் மொழியிலேயே வெளிப்படுகிறது. "தொழுகையில் மனம் நிற்கவில்லை", "செபிக்க வார்த்தை வரவில்லை", "விளக்கேற்றக்கூடக் கை எழவில்லை" என்பார்கள். "கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்று குற்ற உணர்வில் உழல்வதும் உண்டு. ஈடுபாடின்மை, கவனக் குறைவு, மிகையான குற்ற உணர்வு ஆகியவை அந்நோயின் அறிகுறிகளே. அதை அறியாமல் "உனக்கு நம்பிக்கை போதவில்லை" என்று கடிந்தால், நோயாளியின் குற்ற உணர்வு மேலும் பெருகும்.

ஏர்வாடி கற்பித்த பாடம்

ஏர்வாடி தர்கா, குணசீலம் பெருமாள் கோயில், புளியம்பட்டி அந்தோணியார் ஆலயம் ஆகியவற்றுக்கு மனநோயாளிகளை அழைத்துச் செல்வது தமிழகத்தில் நெடுநாளைய வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பியோட இயலவில்லை; 28 பேர் உயிரிழந்தனர். அவர்களின் உயிரைப் பறித்தது வழிபாடு அன்று. சங்கிலியும் கவனிப்பாரற்ற நிலையுமே. பின்னாளில் அதே ஏர்வாடியில் மருந்தையும் பிரார்த்தனையையும் இணைக்கும் 'தவா–துவா' திட்டத்தை அரசு செயல்படுத்தியது. தர்காவுக்கு வருவோர் வழிபாட்டைக் கைவிடாமலேயே மனநல மருத்துவரையும் காண முடிகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடை செய்துள்ளது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

• அறிவுரைக்கு முன் செவி கொடுங்கள். "உனக்கு என்ன கஷ்டம் என்று சொல், நான் கேட்கிறேன்" என்ற ஒரு சொல் போதும்.

• உறக்கமின்மை, பசியின்மை, சோர்வு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். பரிகாரம் முடியட்டும், மண்டலம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

• மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். இடையில் நிறுத்தாதீர்கள்.

• விரதம், நோன்பு இருக்க விரும்பினால் முன்கூட்டியே கூறுங்கள். பலருக்கு மாத்திரை நேரத்தை மாற்றித் தர இயலும். ஆனால் லித்தியம் உட்கொள்வோர் நீர் அருந்தாதிருந்தால், மருந்தின் அளவு இரத்தத்தில் கூடி நஞ்சாகலாம்.

• நீங்கள் மதிக்கும் குருக்கள், இமாம், போதகர் ஆகியோரிடமும் மருத்துவ ஆலோசனையைத் தெரிவியுங்கள். "மருந்தை விடாதே" என்று அவர் சொன்னால் நோயாளி மகிழ்வுடன் ஏற்பார்.

ஊராருக்குத் தெரிந்துவிடும், பெண்ணின் திருமணம் தடைபடும் என்ற அச்சம் முடிச்சூர், தாம்பரம் பகுதிக் குடும்பங்களிலும் உண்டு. நோயாளியின் தகவல்களை மறைவாகக் காப்பது சட்டம் எங்கள்மீது சுமத்திய கடமை. நேரில் வரத் தயங்குவோர் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.